இரண்டு குடம், இருபது தடவை

அறுபதுகளின் கடைசியில், பந்தல்குடியில் ஒரு பருத்திக் கடையில் நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை பார்த்தேன். முதுகுவலி வந்தது. தபாலில் உடற்பயிற்சி சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுச் சேர்ந்தேன். மாதம் ஒரு பாடம் வரும். அட்டவணையைச் சுவரில் ஒட்டி, கதவைச் சாத்திக்கொண்டு செய்வேன். மூன்றே மாதத்தில் வலி போய்விட்டது, தோளும் திரண்டது. அதைக் குறை சொல்ல மாட்டேன்.

நான்காம் பாடம் எடை தூக்கச் சொன்னது. இரும்புக் குண்டுக்கு எங்கே போவது? என் மனைவி தண்ணீர் கொண்டுவந்து இறக்கும் இரண்டு குடங்களையும் கைக்கு ஒன்றாக இருபது தடவை தூக்குவேன். நான் முடிக்கும்வரை அவள் ஓரமாக நிற்பாள். பிறகு அண்டாவில் ஊற்றுவாள்.

ஒருநாள் அவளுக்குக் கடுமையான காய்ச்சல். ஆம்பளை குடம் தூக்கினால் தெருவே சிரிக்கும். அதனால் உச்சி வெயிலில் ஆளில்லாத நேரம் பார்த்துக் கிளம்பினேன்.

"ஊருணிக்குத்தானே?" என்றேன்.

"ஊருணி வத்தி ரெண்டு மாசமாச்சு. தோட்டத்துக் கெணத்துக்குப் போங்க" என்றாள்.

அந்தக் கிணறு ஒரு மைலுக்கு அப்பால் இருந்தது. ஒரே ஒரு குடம்தான் எடுத்தேன். வழியில் நான்கு இடத்தில் இறக்கி வைத்தேன். வீடு சேரும்போது பாதி சிந்திவிட்டது.

பாயில் படுத்திருந்தவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "இதையும் இருவது தடவ தூக்கப் போறீகளா?"

கேலி செய்திருந்தால் என்றைக்கோ மறந்திருப்பேன். அண்டாவில் ஊற்ற எப்போது எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.