ஞாயிற்றுக்கிழமைத் துணிகள்

உலர்ந்த துணியை எடுத்ததும் அவள் உடனே மடிக்க மாட்டாள். இரண்டு கைகளிலும் ஏந்தி, கண்ணை மூடி, இடது கன்னத்தில் ஒரு கணம் வைத்துக்கொள்வாள். பிறகு வலது கன்னம். அதற்குப் பிறகுதான் மடிப்பு. தலையணை உறையானாலும் சரி, மெக்கானிக்கின் கால்சட்டையானாலும் சரி, இதில் மாற்றம் கிடையாது. சோப்பு வாசனை எப்படி ஏறியிருக்கிறது என்று முகர்ந்து பார்க்கிறாள் போலும் என்று வாடிக்கையாளர்கள் நினைத்துக்கொள்வார்கள். அவள் கணவரும் அப்படித்தான் நினைத்திருந்தார்.

சலவைக் கடை இருவருக்கும் சொந்தம். மெஷின்கள் அவள் பொறுப்பு, ஜன்னலோர இஸ்திரி மேசை அவர் பொறுப்பு. தெருவில் அவளுக்கு நுரையக்கா என்று பெயர், அவருக்கு இஸ்திரிக்காரர். எந்தச் சட்டையையும் பொறுமையாக நீவிவிடுவார். மனிதர்கள் கொஞ்சம் கசங்கி வந்தால் அந்தப் பொறுமை பறந்துவிடும்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. ஆனால் அவள் ஷட்டரைப் பாதி தூக்கி வைத்திருப்பாள். பாலத்தடியிலும் பேருந்து நிலையத்திலும் படுப்பவர்கள் குனிந்து உள்ளே வருவார்கள். பலருக்கு உடம்பில் இருப்பதுதான் மொத்தத் துணியும். அதைத் துவைத்துக் காயவைக்கும்வரை உடுத்திக்கொள்ள, வாடிக்கையாளர்கள் வாங்கிப்போக மறந்த துணிகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. யாரோ ஒரு வக்கீலின் வெள்ளைச் சட்டையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார், பக்கத்தில் இன்னொருவர் குளியலறைத் துண்டு அங்கியில் ராஜா மாதிரி கால் மேல் கால் போட்டிருப்பார்.

இஸ்திரிக்காரர் அன்றைக்கு மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நடமாடுவார். அவளோ அழுக்கு மூட்டையை முகத்துக்கு நேராகப் பிரித்து, பேச்சுக் கொடுத்தபடியே ஒவ்வொன்றாக எடுப்பாள். ஒரு சுளிப்பு இருக்காது. "உன் மூக்கு என்ன இரும்புல செஞ்சதா?" என்று கேட்பார். சிரித்துவிட்டு, "பேசிட்டே நிக்காம, அடுப்புல ஏதாவது கருகுதான்னு பாருங்க" என்று பின்னறைக்கு விரட்டுவாள்.

ஞாயிற்றுக்கிழமை வருபவர்களில் அவருக்கு அதிகம் ஆகாதவர் கோட்டுக்காரர். தெருவில் எந்த வெயிலிலும் கோட்டைக் கழற்றாத மனிதர். கடைக்கு எதிரே, மூடிப்போன வங்கியின் படிக்கட்டில் அவர் குடித்தனம். கூடவே ஒரு காது மடங்கிய பழுப்பு நாய். வங்கி வாசலில், வருகிறவர்களை என்ன வேண்டும் என்று விசாரிக்கிற தோரணையில் படுத்திருப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வந்துவிட்டது. கோட்டுக்காரர் நுரையக்காவை முதல் நாளே தங்கச்சி என்று கூப்பிட்டார். கூடவே இவரைப் பார்த்து, "என்ன மாப்ள, சௌக்கியமா?" என்றும் கேட்டுவிட்டார். தெருவில் போகிற உறவு தன் தலையில் ஏறிக்கொண்டதாக இஸ்திரிக்காரருக்கு எரிச்சல். பதிலுக்கு ஒருநாளும் மச்சான் என்று அவர் கூப்பிட்டது கிடையாது.

தன் ஆட்களின் சீருடைகளைக் கடையில் சலவைக்குப் போடும் ஒரு கிடங்குக்காரர், காவலுக்கு ஆள் தேடுவதாகச் சொன்னார். பின்னால் ஒரு அறை உண்டு, குழாய் உண்டு. நுரையக்கா விடவில்லை. கோட்டுக்காரரைப் பற்றிப் பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தாள். நாயும் வருமா, அப்படியானால் இன்னும் நல்லது என்றார் அவர். திங்கட்கிழமை மதியத்துக்குள் வந்து நிற்க வேண்டும், இல்லையென்றால் வேறு ஆள் காத்திருக்கிறான்.

வழக்கமாக ஒரு வாரம் கோட்டு, மறுவாரம் போர்வை என்றுதான் கோட்டுக்காரர் துவைக்கக் கொடுப்பார். அந்த ஞாயிறு அவள், "புது இடத்துக்குப் போறீங்கண்ணே, எல்லாமே சுத்தமா இருக்கட்டும்" என்று மொத்தத்தையும் வாங்கி மெஷினில் போட்டாள். அவள் அடுத்த மூட்டையைப் பிரிக்கப் போன நேரத்தில், இஸ்திரிக்காரர் அலமாரியிலிருந்து ஊதா நிற வாசனைத் திரவத்தை எடுத்தார். ஞாயிற்றுத் துணிகளுக்கு அதை அவள் தொட்டதே இல்லை. வேலைக்குப் போகிற மனிதன் மணக்கட்டும் என்று தனக்குத்தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, தாராளமாகவே ஊற்றினார். உண்மைக் காரணம் கைக்குட்டைக்குத் தெரியும்.

கோட்டுக்காரர் கோட்டை மாட்டிக்கொண்டு கையைத் தூக்கி முகர்ந்தார். "மாப்ள, இன்னிக்குப் பொண்ணு பார்க்கப் போனா உடனே குடுத்துருவாங்க." படிக்கட்டுக்குப் போய்ப் போர்வையை விரித்தார். மேனேஜர் வந்து முகர்ந்தது. தும்மியது. போர்வையைச் சுற்றி நடந்தது, கோட்டின் ஓரத்தை முகர்ந்தது, அவர் முகத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தது. மறுபடியும் தும்மிவிட்டுத் தெருவில் இறங்கிப் போனது. காலைத் தூக்கப் போகிறது என்று நினைத்தார். இருட்டும்வரை திரும்பவில்லை.

மூவரும் தேடினார்கள். நுரையக்கா சந்தைப் பக்கம், கோட்டுக்காரர் பாலத்துப் பக்கம். இஸ்திரிக்காரர் தண்டவாளம்வரை போய், "மேனேஜர், மேனேஜர்" என்று கூப்பிட்டார். டை கட்டிய ஒருவர் திரும்பிப் பார்த்ததுதான் மிச்சம்.

திங்கள் காலை கோட்டுக்காரர் படிக்கட்டில் உட்கார்ந்தபடியே இருந்தார். கிளம்பலாம் என்று கூப்பிடப்போன நுரையக்காவிடம் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டார்.

"நான் வரல தங்கச்சி. இங்கேருந்து நான் எந்திரிச்சுப் போயிட்டா, அவன் வந்து யாருகிட்ட போய்க் கேப்பான்?"

அறை போய்விடும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். போனால் போகட்டும் என்றார். பழைய வாடை இல்லாததால் தன்னையே யாரோ என்று நினைத்துவிட்டதாக அவருக்கு வருத்தம். இத்தனை மாதம் துவைத்தபோதெல்லாம் போகாத நாய் இப்போது ஏன் போக வேண்டும் என்று அவளுக்குப் புரியவில்லை. இஸ்திரிக்காரர் தொண்டையைச் செருமினார்.

"நான்தான் அந்த ஊதா தண்ணிய ஊத்தினேன்."

அவள் திட்டியிருந்தால் தேவலை. அவரைப் பார்த்துவிட்டு, எதிரே இருந்த மனிதரைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"போர்வையக் குடுங்க," என்றார் இஸ்திரிக்காரர். "வெறும் தண்ணில அலசிட்டு வர்றேன்."

மெஷினில் இன்னும் வாசனை ஒட்டியிருக்கும் என்று, பின்வாசல் குழாயடிக்கு வாளியோடு போனார். கதவைத் தள்ளினார். கடையின் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத ஒரு சந்து. மெஷின்களின் அழுக்குத் தண்ணீர் போகும் வாய்க்காலுக்கு இரும்புக் கம்பி போட்ட ஒரு மூடி உண்டு. அந்த மூடியின் மேல் மூக்கைப் பதித்துப் படுத்திருந்தது மேனேஜர். ஊரெல்லாம் தேடினார்களே தவிர, கடைக்குப் பின்னால் யாரும் பார்க்கவில்லை. கோட்டிலிருந்தும் போர்வையிலிருந்தும் கழன்ற தண்ணீர் அந்த வழியாகத்தான் போயிருந்தது. அது இத்தனை நாள் படுத்த படுக்கை அந்தக் கம்பிகளுக்குக் கீழேதான் எங்கோ இருந்தது. கூப்பிட்டதற்குக் காதை மட்டும் அசைத்தது. எழுந்து வரவில்லை.

இஸ்திரிக்காரர் வாளியைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு ஓடினார்.

"மச்சான், வாங்க. கடைக்குப் பின்னால இருக்கான்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கோட்டுக்காரர் கவனித்த மாதிரி தெரியவில்லை. செருப்பில்லாமல் ஓடி வந்தவர், சந்து முனையில் கோட்டைக் கழற்றி எறிந்தார். அந்தத் தெரு அவரைக் கோட்டில்லாமல் பார்த்தது அன்றுதான். பனியனோடு மூடிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து கையை நீட்டினார். நாய் உள்ளங்கையை முகர்ந்தது, மணிக்கட்டை முகர்ந்தது. வால் முதலில் ஒருமுறை தரையில் தட்டியது. அப்புறம் நிறுத்தவே இல்லை.

போர்வையை இஸ்திரிக்காரர் நுரை வராத அளவுக்கு அலசினார். காய நேரமில்லை. ஈரத்தோடு தோளில் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். சட்டையெல்லாம் நனைந்தது. கிடங்குக்காரர் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேனேஜர் யாரையும் கேட்காமல் கதவுக்குக் குறுக்கே போய்ப் படுத்து, அவரை ஏற இறங்கப் பார்த்தது.

"சரி," என்றார் அவர், "இவருக்கு வேலை கிடைச்சாச்சு. கூட வந்தவரு யாரு?"

இப்போதும் ஞாயிறுகளில் ஷட்டர் பாதி தூக்கியே இருக்கிறது. மேனேஜரோடு கோட்டுக்காரர் வந்து துணி மடித்துக் கொடுக்கிறார். வாசலில் புதிதாக யாராவது தயங்கி நின்றால், உள்ளே வரச் சொல்வது அவர்தான். கைக்குட்டை எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. ஊதா பாட்டில் எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

இதெல்லாம் நடந்து வெகுநாள் கழித்து, ஒரு மழை மாலையில், பால் தீய்ந்த வாடை முன்கடைவரை வந்தது. இஸ்திரிக்காரர் ஓடிப்போய்ப் பார்த்தால், அடுப்புக்குப் பக்கத்திலேயே முதுகைக் காட்டி நின்று அவள் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். அன்றுதான் சொன்னாள். எப்போதோ வந்த ஒரு காய்ச்சலோடு அவளுக்கு வாசனை என்பதே போய்விட்டது. சோப்பும் தெரியாது, அழுக்கும் தெரியாது. சலவைக்காரிக்கு மூக்கு வேலை செய்யாது என்று தெரிந்தால் யார் துணி போடுவார்கள் என்று புருஷனிடம்கூட மறைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகள் தொடங்கியது அந்தக் காய்ச்சலுக்குப் பிறகுதான்.

"எல்லாருக்கும் கஷ்டமான வேலை எனக்கு மட்டும் சுலபமா இருந்துச்சு," என்றாள். "அப்ப அத நான்தானங்க செய்யணும்?"

துணியைக் கன்னத்தில் வைத்து அவள் பார்த்துவந்தது, ஈரம் மிச்சமிருக்கிறதா என்று மட்டும்தான்.