வெங்காயச் சாக்குக் கன்று

மந்தையில் கடைசியாக வருகிறவனுக்கு ஒரு மரியாதையும் கிடையாது. இரண்டாயிரம் மாடு கிளப்புகிற புழுதி முழுக்க அவன் வாய்க்குள்தான் போகும். எங்கள் கூட்டத்தில் அந்த வேலை ஹோசியா ப்ரூயிட்டுடையது. டெக்சாஸில் ஒரு பருத்தித் தோட்டத்தில், என்னைப் போலவே அடிமையாகப் பிறந்தவன். விடுதலை வந்தபோது நான் கரண்டியைப் பிடித்தேன், அவன் கயிற்றைப் பிடித்தான். நொண்டி மாடு, கிழட்டு மாடு எல்லாவற்றுக்கும் பெயர் வைத்துக் கூப்பிடுவான். ராக்காவலில் மந்தை மிரளாமல் இருக்க எல்லோரும் பாட வேண்டும். அவன் பாட்டை மாடுகள் மட்டும்தான் பொறுத்துக்கொண்டன. ஆனால் என் சமையலை ஒரு நாளும் குறை சொன்னதில்லை. மற்றவர்கள் நன்றி கெட்டவர்கள்.

அந்த வருஷம் மொன்டானாவுக்குப் பசுக்களையும் சேர்த்து ஓட்டிக்கொண்டு போனோம். பசு என்றால் வழியில் ஈனத்தான் செய்யும். பிறந்த கன்றால் மந்தையோடு நடக்க முடியாது, தாயும் அதை விட்டு நகராது. அதனால் விடிந்ததும் கன்றைச் சுட்டுவிட்டுக் கிளம்புவது வழக்கம். அதுவும் கடைசியில் வருகிறவன் தலையில்தான் விழும். சுட்ட நாளில் ஹோசியா யாரோடும் பேசமாட்டான்.

சிவப்பாற்றை எட்ட வேண்டிய நாள் காலையில் பெரியம்மா ஈன்றாள். மந்தைக்கு முன்னால் போகிற பசு அவள்தான். அவள் இறங்காத தண்ணீரில் வேறு எந்த மாடும் கால் வைக்காது.

"சீக்கிரம் முடிச்சுட்டு வாடா!" என்று மேஸ்திரி ரான்கின் குதிரையிலிருந்தே கத்தினார். "மேக்கே மழை. ஆறு ஏறிக்கிட்டிருக்கு. இன்னிக்குக் கடக்கலேன்னா ஒரு வாரம் இங்கயே கெடந்து சாகணும்."

புதருக்குப் பின்னால் வெடிச் சத்தம் கேட்டது. பெரியம்மாவை நாலு பேர் சேர்ந்து விரட்டிக்கொண்டு போனார்கள்.

நான் சமையல் வண்டியை முன்னால் ஓட்டிப் போய் ஆற்றங்கரையில் நிறுத்தினேன். வண்டிக்கு அடியில், விறகு போட்டுக்கொள்ள ஒரு மாட்டுத்தோலைத் தொட்டில் மாதிரிக் கட்டியிருப்பேன். விறகெடுக்கக் கையை விட்டால் ஏதோ ஒன்று கையை நக்கியது. என் வெங்காயச் சாக்குக்குள் இருந்து ஒரு செவலைக் கன்று கழுத்தை நீட்டியது! வெங்காயமெல்லாம் என் மாவுப் பெட்டிக்குள் கொட்டிக் கிடந்தது. எனக்கு எங்கிருந்து எரிந்தது என்று சொல்ல முடியாது.

ஹோசியா குதிரையை விரட்டிக்கொண்டு வந்தான். "கத்தாதீங்கண்ணே, கத்தாதீங்க."

"சுட்ட சத்தம் கேட்டுச்சேடா!"

"தரையச் சுட்டேன்."

"மேஸ்திரிக்குத் தெரிஞ்சா குதிரையப் புடுங்கிக்கிட்டு வீட்டுக்கு நடக்க விட்டுடுவாரு. தெரியுமில்ல?"

"தெரியும்ணே." கன்றின் தலையைத் தடவினான். "எங்கம்மாவ நாலு ஊரு தள்ளி வித்துட்டாங்க. விடுதலை வந்த அன்னிக்கே கெளம்பி நடந்து வந்தா. நான் இருந்தேன். இதோட அம்மாவும் தேடி வருவாள்ல, அப்ப இது இருக்க வேணாமா?"

பாவி! கன்றுக்கு மூச்சு முட்டாமல் சாக்கின் வாயை இன்னும் கொஞ்சம் விரித்துவிட்டேன்.

அதற்குள் கரையில் ஒரே களேபரம். பெரியம்மா தண்ணீரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வந்த வழியே திரும்பிவிட்டாள். மந்தை மொத்தமும் அவள் பின்னால் திரும்பியது. மேஸ்திரி தொப்பியைத் தரையில் அடித்தார். வேரோடு பிடுங்கிய மரமொன்று ஆற்றில் மிதந்து போனது.

ஹோசியா கன்றைத் தூக்கிக்கொண்டு நேரே அவர் முன்னால் போய் நின்றான். "மேஸ்திரி, திட்டுறத அப்புறம் திட்டுங்க. இத அவகிட்ட விடுறேன்."

ரான்கின் முகம் செங்கல் நிறமானது. "மந்தை அக்கரை சேரலேன்னா குதிரைய விட்டுட்டு நட."

கன்று தள்ளாடித் தாயிடம் போனது. பெரியம்மா முகர்ந்தாள், சீறினாள், ஒரு முட்டு முட்டிப் புழுதியில் உருட்டிவிட்டாள்.

"வெங்காயம் நாறுதுடா, எப்படிச் சேத்துக்குவா? ஆத்துல கழுவு!" என்றேன்.

"கழுவினா அதோட சொந்த வாசனையும் போயிடும்ணே. அவ பாலு வேணும். காபிக் கெட்டிலக் குடுங்க."

காட்டுத்தனமாக வளர்ந்த நீளக்கொம்புப் பசுவிடம் யாராவது பால் கறப்பானா? கொம்புக்கு இரண்டு கயிறு, பின்னங்காலுக்கு ஒன்று போட்டு ஆறு பேர் இழுத்துப் பிடித்தார்கள். முதல் உதையில் ஹோசியாவின் தொப்பி போயிற்று, இரண்டாவதில் அவனே போனான். எழுந்து வந்து மறுபடியும் உட்கார்ந்தான். ஒரு கை அளவு பால் தேறியது. அதைக் கன்றின் தலை, முதுகு, வால் என்று தேய்த்தான்.

"ஒம் மூஞ்சிக்கும் பூசிக்கடா, ஒன்னையும் நக்கட்டும்!" என்று ஒருவன் கத்த, கூட்டம் சிரித்தது.

பெரியம்மா மறுபடி முகர்ந்தாள். நாக்கை நீட்டி, மெதுவாக ஒரு நக்கு நக்கினாள்.

ஹோசியா காத்திருக்கவில்லை. கன்றைச் சேணத்தின் முன்னால் குறுக்கே போட்டுக்கொண்டு குதிரையை ஆற்றில் இறக்கினான். கன்று கத்தியது. பெரியம்மா அலறிக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தாள். அவளுக்குப் பின்னால் மந்தை மொத்தமும் இறங்கியது. ஆறு முழுக்கக் கொம்புகள்தான் தெரிந்தன. நான் வண்டியை மறந்து கைதட்டிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அக்கரையில் துணி காயப் போட்டு உட்கார்ந்திருந்தோம். ரான்கின் வந்து ஹோசியாவுக்கு எதிரே நின்றார்.

"சொன்ன பேச்சக் கேக்காதவன நான் வெச்சுக்கிட்டதில்ல." மேய்ந்துகொண்டிருந்த மந்தையைத் திரும்பிப் பார்த்தார். "ஆனா நீ இல்லேன்னா மந்தை இக்கரைக்கு வந்திருக்காது. நாளைலேர்ந்து முன்னாடி ஓட்டு, பெரியம்மா பக்கத்துல."

முன்னாடி என்றால் புழுதியே கிடையாது. அந்த இடத்துக்காக ஆட்கள் அடித்துக்கொள்வார்கள். பையன்கள் விசிலடித்தார்கள்.

ஹோசியா எழுந்து நின்றான். "வேணாம் மேஸ்திரி."

"ஏன், புழுதி அவ்ளோ ருசியாடா?"

"கன்னுங்க பின்னாடிதானே நின்னுபோவுது. எனக்குப் பதிலா வர்றவன் சுட்டுடுவான்."

ரான்கின் அவனையே பார்த்தார். அப்புறம் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்: "இனிமே இந்த மந்தையில எவனும் கன்னச் சுட வேணாம். பொறந்தா சமையல் வண்டில ஏத்துங்க."

ஹோசியா முகத்தைக்கூட மூடிக்கொள்ளாமல் அழுதான். கேலிக்குப் பேர்போன எங்கள் கூட்டத்தில் ஒருவன்கூட வாய் திறக்கவில்லை.