அக்கா அமுக்கிய பம்பு

1. சோதனை எஞ்சினுக்குப் புது டீசல் ஃபில்டர் போட்டேன்.
2. எஞ்சின் கிளம்பவில்லை.
3. ஃபில்டரின் மேல்திருகைத் தளர்த்தி, டீசலை ஏற்றும் கைப்பம்பை அமுக்கினேன். சிக்கியிருந்த காற்று டீசல் நுரையோடு வெளியே வந்தது.

அந்த வாசனையில் நான் மறுபடி பள்ளிச் சிறுமியானேன். அன்று அக்காவுக்கு ஒரகடத்தில் ஒரு வாகனக் கம்பெனியில் நேர்முகத் தேர்வு. படப்பை தாண்டியதும் அப்பாவின் ஷேர் ஆட்டோ டீசல் தீர்ந்து நின்றது. வாங்கி ஊற்றியும் கிளம்பவில்லை.

“காத்து பூந்துகினு கீதும்மா. நீ பம்ப அமுக்கு,” என்றார் அப்பா, திருகைத் தளர்த்தியபடி.

“பொண்ணு இன்டர்வியூவுக்குப் போவுதா, மெக்கானிக் ஷாப்புக்கா?” என்றாள் பின்சீட்டுப் பூக்காரம்மா.

“ரெண்டுக்குந்தான்க்கா,” என்று அக்கா புதுச் சுடிதாரின் கையை மடித்துவிட்டு அமுக்கினாள். நுரை அடங்கி டீசல் சீராக வழிந்தது; அப்பா திருகை இறுக்கியதும் வண்டி கிளம்பியது. கை கழுவ நேரமில்லை.

கையில் என்ன கறை என்று தேர்வில் கேட்டார்களாம். நடந்ததைச் சொன்னாளாம். வேலை கிடைத்தது.

என் சோதனை எஞ்சின் இப்போது ஓடுகிறது. அக்கா அதே கம்பெனியில் சூப்பர்வைசர்.