பாப்பரசர் கூத்தில் என் வரவு

எங்கள் துறைமுகத்தடித் தேவாலயப் பங்கில் திருநாளுக்கு வழக்கமாக விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் கூத்துத்தான் ஆடுவார்கள். போன வருடம் பாப்பரசர் ஒருவரின் கதையைக் கூத்தாக எழுதினேன். பல நூறு வருடங்களுக்கு முன் உரோமையில் இருந்தவர். வைத்தியரின் மகன். தகப்பன் இறந்துபோக, பணக்கார வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பிழைத்தவர். சரியான புத்தகப் பைத்தியம். பாப்பரசரானதும் கிரேக்க ஏடுகளைத் தேடி எடுப்பித்து, மொழிபெயர்ப்பித்து, பெரிய நூல்நிலையம் ஒன்றுக்கு அடித்தளம் போட்டார். நானும் ரியூசன் கொடுத்துப் படித்தவன் என்பதால் அவரில் எனக்குத் தனிப் பாசம்.

பாதி எழுதிய பிறகுதான் மற்றதை வாசித்தேன். அதே மனிதர், கிறிஸ்தவர் அல்லாதவர்களைப் பிடித்து அடிமையாக்கப் போர்த்துக்கல் அரசனுக்கு அனுமதி எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த அரசனுக்குப் பின் வந்தவர்களின் கப்பல்கள்தான் இங்கேயும் வந்தன. ஊரின் மலைக்கோயிலை இடித்து, அந்தக் கல்லில் கோட்டை கட்டியதும் அந்தக் கூட்டம்தான். கெட்டவன் ஒருவன் செய்திருந்தால் ஏசிவிட்டு விட்டிருப்பேன். இவரோ என்னை நம்பவைத்துக் கழுத்தறுத்தவர்.

ஆகவே கடைசிக் காட்சியில் ஓர் அடிமையைக் கொண்டுவந்தேன். நூல்நிலையத்துக்குள் வந்து, “என்னைப் பற்றி இதில் எந்தப் புத்தகம் சொல்கிறது?” என்று அவன் பாப்பரசரைக் கேட்பான். எனக்கு அந்தக் கேள்விதான் கூத்து.

கூத்தைப் பழக்கி, மேடையில் நின்று பாட்டெடுக்கும் அண்ணாவியார் என் மச்சான், மனைவியின் தமையன். எழுதியதை வாசித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தான்.

“இந்த இடத்திலை சனம் எழும்பி நிக்கும், மச்சான். அடிமையா நீயே ஆடு.”

கூத்தில் ஒரு சட்டம் உண்டு. வரவுப் பாட்டை அண்ணாவியார் எடுக்காமல் யாரும் மேடைக்குப் போகமுடியாது. அரசனானாலும் திரைக்குப் பின்னால் நிற்கவேண்டியதுதான்.

திருநாளன்று, இறக்கக்கண்டி ஊர் வள்ளக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய நங்கூரச் சங்கிலியை மனைவி என் கையில் சுற்றிக் கட்டிவிட்டாள். “இறுக்குதே?” என்று இரண்டு தரம் கேட்டாள். மேடையில் பாப்பரசர் நோயில் படுத்தபடி புத்தகங்களை ஆசீர்வதித்தார். அடுத்தது நான். வரவுப் பாட்டுக்குக் காத்து நின்றேன். மச்சான் மங்களம் பாடத் தொடங்கினான். மங்களம் என்றால் கூத்து முடிந்துவிட்டது.

மறந்துபோனான் என்றுதான் நினைத்தேன். அவ்வளவு நம்பிக்கை. திரை இடுக்கால் கையைக் காட்டினேன். அவன் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தினான். சனம் கைதட்டியது.

மேடைக்கு ஓடிப்போய் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கலாமே என்று பிறகு சிலர் சொன்னார்கள். சின்ன வயதிலிருந்து கூத்தாடியவனுக்கு வரவுப் பாட்டில்லாமல் கால் எழாது. அது மச்சானுக்கு நன்றாகத் தெரியும்.

திரைக்குப் பின்னால் வந்தவனை மறித்தேன்.

“கோயில் ஃபாதர் அந்தக் காட்சியை வெட்டச் சொன்னவரோ?”

“இல்லை. அவர் ஒண்டும் சொல்லேல்லை. நான்தான். திருநாளும் அதுவுமா சனத்துக்கு ஏன் அந்தக் கதை? முன்னமே சொன்னா நீ விடமாட்டாய்.”

பாப்பரசராக ஆடியவர் கிரீடத்தைக் கழற்றி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தளக்காரர் அவசரமாக உறை போட்டார். எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. வாயில் வந்தபடி ஏசினேன்.

மனைவி வந்து சங்கிலியைக் கழற்றத் தொடங்கினாள்.

“உம்மடை அண்ணன் செய்த வேலையைப் பாத்தீரே?” என்றேன்.

அவள் நிமிரவில்லை.

“உமக்கும் தெரியுமோ?”

“ஓம். போன கிழமையே அண்ணன் சொன்னவர்.”

“பிறகேன் இதைக் கட்டிவிட்டனீர்?”

“நீங்கள் அவ்வளவு ஆசையா நிண்டனீங்கள்” என்றாள்.