காதர் பாய்க்கு நான் போட்ட பிரியாணித் தடை

ஓர் இளைப்புக்காரரிடமிருந்து பிரியாணியைப் பிடுங்கியவன் நான். டாக்டர்கூட அப்படிச் சொல்லவில்லை.

ஐம்பதுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் ஒரு டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்தேன். மருந்து இடிப்பதும் மிக்சர் கலப்பதும் என் வேலை. கேட்காமலே பத்தியம் சொல்வது என் பொழுதுபோக்கு.

தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்த்த காதர் பாய், சனிக்கிழமை மத்தியானமானால் மூச்சு வாங்கிக்கொண்டு வருவார். ஊசி போட்டால்தான் தணியும். வெள்ளிக்கிழமை அவருக்கு விடுமுறை, வீட்டில் பிரியாணி. எனக்கு அது போதாதா?

“பிரியாணிய விடுங்க பாய், இளைப்பு தானா ஓடும்” என்றேன்.

ஆறு மாதம் விட்டார். இளைப்பு விடவில்லை. நான் மட்டும் விடுவேனா? முட்டையையும் நிறுத்தினேன்.

மகள் கல்யாணம் நெருங்கியது. “ஊரே பிரியாணி திங்கும், பொண்ணப் பெத்த நான் மட்டும் ரசஞ்சோறா? சம்பந்தக்காரக என்ன நெனப்பாக?” என்று கண் கலங்கினார். நான் மசியவில்லை. இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு போட்டார். பதினோராம் நாள் இளைத்தபடி வந்து டாக்டரிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

“பத்து நாளும் திருட்டுத்தனமா பிரியாணி தின்னேன் சார். ஒண்ணும் செய்யல. இன்னைக்கு வெறுங்கஞ்சி குடிச்சிட்டுத்தான் வேலைக்குப் போனேன். செத்த நேரத்துல புடிச்சிருச்சு.”

டாக்டர் நிமிர்ந்தார். “ஷாப்புல உங்களுக்கு என்ன வேலை?”

“தோலப் பதப்படுத்த ஆவாரம்பட்டை இடிக்கிறது. அம்புட்டும் தூசி.”

அந்த ஒரு கேள்வியை நான் கேட்டதே இல்லை.

“இது அலர்ஜி. இவர் உடம்பு பட்டைத்தூள எதிரின்னு நெனச்சு மல்லுக்கு நிக்குது. அந்தச் சண்டையில மூச்சுக்குழல் சுருங்குது. லீவு முடிஞ்சு போற அன்னைக்குத்தான் சண்டை உச்சம்” என்றார் டாக்டர்.

டாக்டர் எழுதிய சீட்டைப் பார்த்த முதலாளி, பாயைத் தோல் வாங்க அய்யலூர்ப் பக்கம் அனுப்பினார். இளைப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. ஒரு வெள்ளிக்கிழமை எனக்குத் தூக்குப்போணியில் பிரியாணி வந்தது.

தின்றுவிட்டு, இருமல் மிக்சருக்கான இபிகாக் வேரை இடிக்க உட்கார்ந்தேன். வழக்கம்போல் அடுக்குத் தும்மல். இந்தத் தும்மலுக்காக வீட்டில் மிளகாய் தாளிப்பதை நிறுத்தி மூன்று வருடம் ஆகியிருந்தது.

“பக்கத்து வீட்டுத் தாளிப்பு சார்” என்றேன், எட்டிப் பார்த்த டாக்டரிடம்.

“டிஸ்பென்சரி லீவு அன்னைக்குத் தும்முவீரா?”

“இல்ல சார்.”

“அன்னைக்குப் பக்கத்து வீட்டுல அடுப்பு எரியாதோ?”

வேர்த்தூள் அப்பியிருந்த உலக்கையைக் கீழே வைத்தேன்.

இளைய கம்பவுண்டர்களே, ஆள் என்ன தின்றார் என்று கேட்குமுன், எதைச் சுவாசித்தார் என்று கேளுங்கள். அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவள் வாணலியை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

“மூணு வருசமா தாளிக்காத குழம்பையும் வெஞ்சனத்தையும் நானுந்தான தின்னேன்?” என்றாள்.