சவப்பெட்டியில் போன ரிமோட்

எர்மெஸ் செத்துப்போனது கார் பந்தயத் திடலில். பெரிய கார் என்று நினைத்துவிட வேண்டாம். முழங்கை நீளத்துக்கு, நைட்ரோ எரிபொருளில் சீறிக்கொண்டு ஓடுகிற ரிமோட் கார். மேடைமேல் நின்று ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் அப்படியே சரிந்தார். அடக்கத்தன்று அவருடைய நண்பர் ஒரேஸ்தே அந்த ரிமோட்டையே பெட்டிக்குள், மடித்த கைகளுக்கு அடியில் வைத்தார். பிரெஷியா நகருக்கு மேலே மலையில் உள்ள எங்கள் பள்ளத்தாக்கில் யாரும் அதை விசித்திரமாக எடுத்துக்கொள்ளவில்லை. வேட்டைக்காரர்களோடு தொப்பி போகிறது, இவரோடு ரிமோட்.

எர்மெஸின் மனைவி மிலேனாவும் நானும் குழாய்த் தொழிற்சாலையில் பக்கத்துப் பக்கத்தில் நின்று பித்தளை பாலிஷ் போடுகிறவர்கள். நவம்பரில் ஒருநாள், இயந்திரச் சத்தத்துக்கு நடுவே என் காதருகே வந்து சொன்னாள்:

"அவரு கார் அசையுதுடி."

"எந்தக் காரு?"

"கராஜ்ல இருக்கிறது. விக்கலாம்னு பேட்டரி சார்ஜ் பண்ணி சுவிட்சப் போட்டேன். முன்சக்கரம் தானா திரும்புது."

"ரிமோட் இல்லாமயா?"

"ரிமோட் எங்க இருக்குன்னு உனக்குத் தெரியாதா?"

அதற்குள் பங்குச் சாமியார் தோன் செலஸ்தீனோவிடமும் போய்விட்டு வந்திருந்தாள். "பெட்டிய மூடுறப்ப ரிமோட்ல பேட்டரிய யாராவது கழட்டினாங்களா, சாமி?" என்று கேட்டிருக்கிறாள். அவர், "நீ நல்லா தூங்கி எத்தன நாளாச்சும்மா?" என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்.

சனிக்கிழமை சாயங்காலம் நானே போனேன். கராஜில் குளிர் எலும்பைத் தொட்டது. மேசைமேல் கார், மேல்கூடு கழற்றிய நிலையில். மிலேனா சுவிட்சைத் தட்டினாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஸ்டியரிங்கை இழுக்கிற சின்ன சர்வோ மோட்டார் முனகியது. சக்கரங்கள் இடது பக்கம் கடைசிவரை திரும்பின. நடுவுக்கு வந்தன. வலது பக்கம் திரும்பின. மறுபடி நடு. அடுத்து இன்னொரு சர்வோ, கார்புரேட்டரின் கம்பியைத் தள்ளித் திறந்தது. பின்னால் இழுத்து பிரேக்கைப் பிடித்தது.

நான் ஓரடி பின்வாங்கினேன். மிலேனா மட்டும் காரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது ஓட்டுறது இல்ல. செட் பண்றது. கம்பி நீளம் சரியான்னு இப்படித்தான் திருப்பித் திருப்பிப் பாப்பாரு. இன்னும் அவருக்குத் திருப்தியாகல."

அழுகையை அடக்குகிற குரல். எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. "வா, ஒரேஸ்தேகிட்ட காட்டலாம்" என்றேன். அவர் வீடு பின்சந்தில்தான். அடக்கத்துக்குப் பிறகு அவர் மிலேனாவின் கண்ணில் படவே இல்லை.

சுவிட்சை அணைக்காமல் காரைக் குழந்தையைப் போல நெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டாள். சந்து முழுக்க அவள் கைக்குள் அந்தச் சக்கரங்கள் திரும்பியபடியே வந்தன.

ஒரேஸ்தேயின் பட்டறைக் கதவைத் தள்ளினோம். அவர் தன் காரை மேசைமேல் வைத்து, ரிமோட்டின் சின்னச் சக்கரத்தை விரலால் திருப்பிக்கொண்டிருந்தார். அவருடைய கார் இடதுபக்கம் திரும்பியது. மிலேனாவின் கையிலிருந்த காரும் திரும்பியது.

எங்களைவிட அதிகம் பயந்தவர் அவர்தான். ரிமோட்டை நழுவவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"கிரிஸ்டல்" என்றார் கடைசியில். ரிமோட் எந்த அலைவரிசையில் பேச வேண்டும் என்று தீர்மானிக்கிற, விரல் நகம் அளவுள்ள துண்டு அது. ஒரே எண் கொண்டது இரண்டு ரிமோட்டில் இருந்தால் ஒருவர் காரை இன்னொருவர் இழுத்துவிடலாம்.

"எர்மெஸோட கிரிஸ்டல் இது. பெட்டியில வைக்கறதுக்கு முன்னாடி கழட்டிட்டேன். அப்புறம் என் காரையும் இதே எண்ணுக்கு மாத்திக்கிட்டேன். எல்லாத்தையும் அப்படியே உள்ள அனுப்ப மனசு வரல, மிலேனா. அவனோடது ஏதாவது ஒண்ணு என் கையில இருக்கணும்னு தோணுச்சு."

மிலேனா காரை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"அப்போ அவரு கையில வெறும் டப்பாவத்தான் குடுத்தனுப்பினியா?"

அவர் குனிந்து ரிமோட்டை எடுத்தார். கிரிஸ்டலைப் பிடுங்கி அவளிடம் நீட்டினார். அவள் கையிலிருந்த காரின் முனகல் நின்றது. அந்த அமைதியைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

"திரும்பப் போடு" என்றாள்.

அந்தக் குளிர்காலம் முழுக்கச் சனிக்கிழமைகளில் அவர் தன் பட்டறையில் உட்கார்ந்து சரிசெய்ய ஒன்றுமே இல்லாத காரைச் சரிசெய்தார். அவள் தன் கராஜில் எர்மெஸின் கார் திரும்புவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை.

வசந்தத்தில் பந்தயங்கள் தொடங்கும் முன்பு ஒரேஸ்தே வேறு எண் வாங்கிக்கொண்டு பழைய கிரிஸ்டலை அவளிடமே கொடுத்துவிட்டார். அவள் அதைக் கல்லறைக்குக் கொண்டுபோய், பளிங்குப் பலகையின் இடுக்கில் செருகி சிமெண்ட் பூசி அடைத்தாள்.

"இப்ப எல்லாம் அவருகிட்ட இருக்கு" என்றாள் மறுநாள் தொழிற்சாலையில் என்னிடம்.

"காரு?"

"நேத்தும் சார்ஜ் போட்டேன்."

"திரும்புதா?"

பித்தளைக் குழாயை பாலிஷ் சக்கரத்தில் அழுத்தினாள். பித்தளைத் தூசி பறந்து அடங்கியது.

"சுவிட்சப் போடல. பயமா இருக்குடி. திரும்பினாலும் பயம், திரும்பலன்னாலும் பயம்."