வெள்ளைக்காரம்மா பேசியதும் நான் சொன்னதும்

மன நிம்மதி தேடி ஒரு வெள்ளைக்காரம்மா எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்தாள். மேனேஜர் பங்களாவில் தங்கிக்கொண்டு, சாயங்காலமானால் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்கு வந்துவிடுவாள். இலங்கையில் துரை வீட்டில் ஆயாவாக இருந்தபோது எனக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் ஒட்டிக்கொண்டிருந்தது. அதனால் அவளோடு அலைந்து, அவள் பேச்சைத் தமிழில் சொல்கிற வேலை என் தலையில் விழுந்தது.

நாங்கள் கப்பலேறி, மண்டபம் முகாமில் கிடந்து, நீலகிரியில் மஞ்சூர்ப் பக்கம் வந்து சேர்ந்து அப்போது இரண்டு வருடம்கூட ஆகவில்லை. எங்களுக்கும் இது புது நாடுதான். வந்த இடத்தில் என்ன கற்றுக்கொண்டாய் என்று என்னை ஒருத்தரும் கேட்டதில்லை. அவள் மட்டும் தினம் ஏதாவது கற்றுக்கொண்டாள். ஒழுகுகிற இடத்தில் நான் சட்டியை நகர்த்தி வைத்துக்கொண்டிருந்தால், "உங்களிடம் ஒன்றுமே இல்லை, ஆனாலும் சிரிக்கிறீர்கள்" என்று கண்கலங்குவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் மகளுக்கு அப்போது எட்டு மாதம். ஈரத்திலேயே கிடந்து நெஞ்சில் சளி கட்டி, பால் குடிக்க முடியாமல் இருமிக்கொண்டிருந்தாள்.

கூரைக்குத் தகரம் கேட்டு மேனேஜரிடம் மூன்று தடவை போனேன். மூன்றாம் தடவை அவர், "அந்தம்மாவே சொல்றாங்க, லைன்ல எல்லாரும் எத்தன நிம்மதியா இருக்காங்கன்னு. உனக்கு மட்டும் என்னம்மா கொறை?" என்றார். அன்றைக்கே கறுவிக்கொண்டேன்.

அவள் ஊருக்குக் கிளம்புகிற காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடியிருந்த எங்களிடம் பேச ஆசைப்பட்டாள். மேனேஜர் பக்கத்தில் நின்றார். "உள்ளதை வைத்துத் திருப்தியாக வாழ உங்களிடம் கற்றுக்கொண்டேன். உங்களுக்கு இதற்குமேல் எதுவும் தேவையில்லை" என்றாள் இங்கிலீஷில்.

நான் தமிழில் சொன்னேன்: "லயத்துக் கூரையெல்லாம் ஒழுகுறத அம்மா பார்த்தாங்களாம். மேனேஜர் தொரைகிட்ட பேசிட்டாங்களாம். இந்த வாரமே எல்லா வீட்டுக்கும் புதுத் தகரம் வருமாம்."

கைதட்டு ஓயவில்லை. ஒருத்தி ஓடிப்போய் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெள்ளைக்காரம்மா அழுதேவிட்டாள். மேனேஜர் முகம் செத்துப்போயிற்று. நான் சொன்னது பொய் என்று மறுப்பதானால், தகரம் கிடையாது என்பதை விருந்தாளியை வைத்துக்கொண்டு அவர் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கு வயிறு குளிர்ந்தது.

ஜீப் போன பிறகு என்னைக் கூப்பிட்டார். "எம்பட மானத்த வாங்கிப் போட்டயேம்மா. இரு, உன்னைய வெச்சுக்கறேன்."

சனங்கள் விடவில்லை. தினம் ஆபீஸ் வாசலில் போய் நின்றார்கள். வாரக் கடைசியில் தகரம் வந்தது. எங்கள் வரிசையில் ஒன்பது வீட்டுக்கு அடித்தார்கள். பத்தாவது என் வீடு. ஆணி தீர்ந்துபோயிற்று என்று இறங்கிவிட்டார்கள். அடுத்த வருடம்வரை அந்த ஆணி வரவே இல்லை.

என்னைப் பழிவாங்கிவிட்டதாக அந்த ஆள் நினைத்திருப்பான். நினைக்கட்டும். அந்த மழைக்காலம் முழுக்க என் மகள் பக்கத்து வீட்டில், காய்ந்த தரையில், இருமாமல் தூங்கினாள்.